மாற்றுணவும் மனமாற்றமும்

உணவைப் பற்றிய வினாக்கள் யாவும் இறுதியில் உள்ளத்தைப் பற்றிய வினாக்களாகவே முடிகின்றன. உண்ணத் தக்கவை இவை, விலக்கத் தக்கவை இவை என்று ஜினதருமம் வகுத்துள்ள பட்டியல் நீளமானது. எனினும் அப்பட்டியலின் நோக்கம் நாவைத் தண்டிப்பதன்று. உயிர்களைக் காப்பதும், அதன் வாயிலாக நம் ஆன்மாவை வினைக்கட்டினின்றும் காப்பதுமே ஆகும். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, உயிர் நீங்குதலை மட்டும் கூறவில்லை. அதற்கு முன்பாக, அதற்குக் காரணமான மனத்தின் சோர்வையும் பற்றையும் வைத்தார். கை செய்வதற்கு முன் உள்ளம் செய்துவிடுகிறது என்பது நம் ஆசாரியர்களின் துணிபு.

இவ்வடிப்படையை நினைவிற்கொண்டு ஒரு சிறு வினாவை ஈண்டு ஆராய்வோம். சைதாப்பேட்டை, தியாகராய நகர், அடையாறு முதலிய பகுதிகளில் வாழும் நம் குடும்பங்கள் சிலவற்றில், சாக்லெட்டை விலக்கிவிட்டு, அதற்கு ஈடாகக் கரோப் தூளைக் கொண்டு குழந்தைகளுக்குப் பானமும் இனிப்பும் செய்து தரும் வழக்கம் தோன்றியுள்ளது. இதனை ஒரு சாரார் அறத்தின்பாற்பட்ட செயல் எனப் பாராட்டுவர். மற்றொரு சாரார், விட்டதை விடாமல் வேறு பெயரில் உண்பது துறவாகுமோ என்று வினவுவர். இரு சாராரும் நம்மவரே. இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆகவே இதனைச் சமையற்கட்டுச் செய்தி என்று தள்ளிவிடாமல் அறவினாவாகவே கொள்ள வேண்டும்.

கரோப் என்பது யாது?

கரோப் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் வளரும் ஒரு பசுமை மாறா மரம். நம் புளியும் கொன்றையும் ஆவாரையும் அடங்கிய அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி, மொராக்கோ, சைப்பிரஸ், துருக்கி ஆகிய நாடுகளில் வறண்ட நிலத்திலும் நிலைத்து நின்று, நட்ட சில ஆண்டுகளுக்குப் பின் காய்க்கத் தொடங்கும். அதன் காய் பழுத்து மரத்திலேயே கரும்பழுப்பு நிறமாக உலரும். உலர்ந்த காயைக் கோலால் தட்டி உதிர்த்து, விதையை நீக்கி, சதைப்பற்றை வறுத்துப் பொடிப்பர். அதுவே கரோப் தூள். இயல்பாகவே இனிப்புடையது.

அதன் விதைக்கும் நம் சமூகத்தாருக்கும் எதிர்பாராத ஓர் உறவு உண்டு. பொன்னும் வைரமும் விற்போர் நாள்தோறும் கூறும் 'காரட்' என்னும் சொல், சிறு கொம்பு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று அரபு மொழி வழியாக வந்தது. கொம்பு போன்ற இக்காயின் விதையையே அது குறித்தது. அவ்விதைகள் யாவும் ஒரே எடையுடையன என்று பண்டையோர் நம்பி, அவற்றை எடைக்கல்லாகக் கொண்டனர். 1907ஆம் ஆண்டில் ஒரு காரட் 200 மில்லிகிராம் என வரையறுக்கப்பட்டது. பொருளை அளக்கப் பயன்பட்ட மரம், இன்று நுகர்ச்சியை அளக்கும் வினாவோடு நம் முன் வந்து நிற்கிறது.

சத்துக்களைப் பொறுத்தவரை மிகைப்படுத்தாமல் கூறுவது நன்று. 100 கிராம் கரோப் தூளில் சர்க்கரை சுமார் 49 கிராம், நார்ச்சத்து 40 கிராம், சுண்ணாம்புச்சத்து 348 மில்லிகிராம் உள்ளன. கொழுப்பு ஒரு கிராமுக்கும் குறைவு. இனிப்புச் சேர்க்காத கொக்கோத் தூளில் சர்க்கரை 2 கிராமுக்கும் குறைவு, கொழுப்பு சுமார் 14 கிராம், சுண்ணாம்புச்சத்து 128 மில்லிகிராம். ஆயின் இரும்புச்சத்து கொக்கோவில் சுமார் 14 மில்லிகிராமும் கரோப்பில் 3 மில்லிகிராம் அளவுமே உள்ளன. புரதமும் கொக்கோவிலேயே மிகுதி. எனவே கரோப் எல்லா வகையிலும் உயர்ந்தது என்பது விற்போர் கூற்றேயன்றி மெய்யன்று. அதன் தனிச்சிறப்பு வேறு. கொக்கோவில் உள்ள காஃபீன், தியோபுரோமின் என்னும் கிளர்ச்சிப் பொருள்கள் அதில் இல்லை. குழந்தைகளுக்கும், உறக்கம் குன்றிய முதியோருக்கும், நோன்பிருப்போருக்கும் இது கருதத்தக்கது.

சாக்லெட்டின்மேல் உள்ள குற்றம் யாது?

கொக்கோ நம் நாட்டுக்குப் புதிதன்று. 1798ஆம் ஆண்டிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியார் அதனைக் குற்றாலத்தில் நட்டனர். இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதிகளின் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக அது விளைகிறது. அது ஒரு மரத்தின் கனி. கனியைக் கொய்வதால் மரம் மாய்வதில்லை. ஆதலின் கொக்கோ என்னும் பொருளே தீது என்று கூற இயலாது. குற்றம் உண்டெனில் அது பொருள் நம்மை வந்தடையும் வழியிலும், நாம் அதனை நாடும் முறையிலும் உள்ளது.

முதலாவது, நொதித்தல். கொக்கோ விதைகளைச் சதையோடு குவித்து மூடி, ஐந்து முதல் ஏழு நாள் வரை நொதிக்க விட்டாலன்றிச் சாக்லெட்டின் சுவை பிறவாது. எண்ணிறந்த நுண்ணுயிர்கள் அதில் தோன்றி மடிகின்றன. இதனைக் கருதி விலக்குவோர் உளர். அவர்தம் நோன்பு போற்றத்தக்கதே. எனினும் இட்லி மாவை இரவு முழுதும் புளிக்க வைக்கும் இல்லத்தார் இக்காரணத்தைக் காட்டிப் பிறரைக் குறை கூறுதல் பொருந்தாது.

இரண்டாவது காரணம் இதனினும் கனமானது. உலகக் கொக்கோவில் பாதிக்கும் மேல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட், கானா என்னும் இரு நாடுகளில் விளைகிறது. 2018-19 பருவத்தில் அவ்விரு நாடுகளின் கொக்கோ விளையும் பகுதிகளில் சுமார் 15 லட்சத்து 60 ஆயிரம் குழந்தைகள் கொக்கோத் தொழிலில் குழந்தைத் தொழிலாளராக இருந்தனர் என்று சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அரிவாள் ஏந்துவதும் பெருஞ்சுமை தூக்குவதும் அவர்கள் செய்யும் வேலைகளுள் அடங்கும். இக்கொடுமையை ஒழிப்பதாகச் சாக்லெட்டுத் தொழிலதிபர்கள் 2001ஆம் ஆண்டிலேயே உடன்படிக்கை செய்துகொண்டனர் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

வினை மூவகையால் வந்து சேரும் என்பது நம் கொள்கை: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படல். ஊனை விலைக்கு வாங்கி உண்போனுக்குக் கொலையில் பங்கில்லை என்னும் வாதத்தை நீலகேசி மறுத்துரைப்பதும், வாங்குவோன் இன்றி விற்போன் இல்லை என்னும் பொருளில் திருக்குறள் பேசுவதும் இவ்வடிப்படையிலேயே ஆகும். ஊனுக்குப் பொருந்தும் இந்நியாயம் குழந்தையின் கண்ணீருக்குப் பொருந்தாது போகுமோ? நாம் வாங்கும் சாக்லெட்டின் கொக்கோ எத்தோட்டத்தில் விளைந்தது என்பதை உறையைக் கொண்டு பெரும்பாலும் அறிய இயலாது. உறையிலுள்ள பச்சைக் குறி அதில் ஊன் இல்லை என்பதைக் காட்டும். அதில் உழைத்த கைகள் யாருடையவை என்பதைக் காட்டாது. விளைந்த இடமும் உழைத்தோர் நிலையும் அறிந்து, நம் நாட்டு உழவரிடமிருந்து பெற்ற கொக்கோவாயின், இக்குற்றம் அதனைச் சாராது. இதனையும் நடுநிலையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாக்கோழியின் படிப்பினை

இனி எதிர்த்தரப்பார் கூற்றைக் காண்போம். அவர்கள் யசோதர காவியத்தை எடுத்துக்காட்டுவர். தேவிக்கு உயிர்ப்பலி இடுமாறு தாய் சந்திரமதி வற்புறுத்த, மைந்தன் யசோதரன் உயிர்க்கொலைக்கு அஞ்சினான். இறுதியில் தாயின் சொல்லையும் தட்டாது, உயிரையும் கொல்லாது இருக்க எண்ணி, மாவினால் கோழி செய்து அதனைப் பலியிட இசைந்தான். குருதி சிந்தவில்லை, ஓருயிரும் நீங்கவில்லை. ஆயினும் தாயும் மகனும் மயிலாகவும் நாயாகவும் மற்றும் பல விலங்குகளாகவும் பிறந்து பிறந்து துயருற்றனர். கோழி பொய், கொல்லும் எண்ணம் மெய். திரவிய இம்சை இல்லாத இடத்தும் உள்ளத்து நிகழும் கொலை வினையைத் தந்தது.

"கரோப்பும் ஒரு மாக்கோழியே. சாக்லெட் உண்ணும் எண்ணத்தை வைத்துக்கொண்டு பொருளை மட்டும் மாற்றினால் பயன் யாது?" என்பது அவர் வாதம்.

இவ்வாதம் கூர்மையானது, ஆயினும் முழுமையானதன்று. யசோதரன் மாற்றை நாடியது, கொலைச் சடங்கைக் கைவிடாமல் காப்பதற்காக. கரோப்பை நாடும் இல்லத்தார் மாற்றைத் தேடுவது, தீங்கைக் கைவிடுவதற்காக. அங்கே இம்சையின் எண்ணம் நின்றது, இம்சைக்குரிய பொருள் நீங்கிற்று. இங்கே இம்சையின் எண்ணம் நீங்கிற்று, சுவை மட்டும் நின்றது. இனிப்பை விரும்புதல் கொல்ல விரும்புதல் ஆகாது. எனவே கரோப் உண்போரை யசோதரனோடு ஒப்பிடுதல் மிகையாகும்.

எனினும் அவ்வாதத்தில் நாம் தள்ளிவிட முடியாத ஒரு பகுதி எஞ்சுகிறது. நின்ற அச்சுவை உள்ளத்தில் என்ன செய்கிறது என்பதே அது.

சமந்தபத்திரர் தரும் அளவுகோல்

இல்லறத்தார் ஒழுக்கத்தை வகுத்த சமந்தபத்திர ஆசாரியர், இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் போகோபபோக பரிமாணம் என்னும் குணவிரதத்தை விரிவாகக் கூறுகிறார். தமிழில் அதனைத் தழுவி எழுந்ததே அருங்கலச்செப்பு. நுகர்பொருள்களுக்கு அளவு வகுத்துக்கொள்ளும் அவ்விரதத்தில், பயன் சிறிதும் உயிர்க்கேடு பெரிதுமான பொருள்களை விலக்குக என்பார் ஆசாரியர். அதனோடு நில்லாது, தக்க பொருளாயினும் அதனை உறுதியோடு விடுதலே விரதம் என்பார். கால எல்லையோடு விடுவது நியமம், வாழ்நாள் முழுதும் விடுவது யமம் என இருவகைப்படுத்துவார்.

அதன் பின், இவ்விரதத்தைக் குலைக்கும் அதிசாரங்கள் ஐந்தினைக் கூறுமிடத்தேதான் நம் வினாவுக்குரிய விடை கிடைக்கிறது. புலனின்பம் என்னும் நஞ்சின்பால் வெறுப்பின்மை, நுகர்ந்ததை மீண்டும் மீண்டும் நினைத்தல், மிகு விருப்பம், வரப்போகும் நுகர்ச்சிக்கு ஏங்குதல், அளவின்றித் துய்த்தல் என்பன அவை. இவற்றுள் இரண்டாவதான அனுஸ்மிருதி, கையினால் செய்யும் குற்றமன்று. நினைவினால் செய்யும் குற்றம். பொருள் எதிரே இல்லாதபோதும் அது நிகழும்.

இவ்வளவுகோலைக் கரோப்பின்மேல் வைத்துப் பார்ப்போம். ஒவ்வொரு மிடற்றிலும் "சாக்லெட்டைப் போல இருக்கிறதா?" என்று நா வினவுமாயின், உண்பது கரோப்பே ஆயினும் உள்ளம் துய்ப்பது சாக்லெட்டையே. விட்ட பொருள் முன்னினும் வலிதாக நெஞ்சில் குடியேறுகிறது. மாறாக, அதன் சுவையை அதன் சுவையாகவே ஏற்று, ஒப்பு நோக்காது உண்போர்க்கு அவ்வதிசாரம் இல்லை. ஆகவே மாற்றுணவு அறமா அன்றா என்பதைத் தூள் தீர்மானிப்பதில்லை; நினைவு தீர்மானிக்கிறது. எதற்கு மாற்று என்பது மறக்கப்படும் நாளிலேயே மாற்றுணவு தன் பணியை முடிக்கிறது.

நம் அடுக்களை அறிந்த மாற்றுகள்

இது எட்டாத இலட்சியம் என்று எண்ண வேண்டா. நம் அடுக்களைகள் இதனை நெடுங்காலமாகவே செய்து காட்டியுள்ளன. ஈர இஞ்சி பல்லுயிர்க்கு உறைவிடம் என்று விலக்கினர்; உலர்ந்த சுக்கை ஏற்றனர். வெங்காயத்தையும் பூண்டையும் நீக்கிய இடத்தில் பெருங்காயம் மணந்தது. உருளைக்கிழங்கு நீங்கிய இடத்தில் வாழைக்காய் வந்தது. இவையும் ஒரு காலத்தில் மாற்றுகளே. ஆயின் இன்று நம் இல்லத்துப் பெருங்காய ரசத்தைப் பருகும் எவரும் பூண்டை நினைத்து ஏங்குவதில்லை. சுக்குநீர் அருந்தும் முதியோர் அதனை இஞ்சியின் நிழலாகக் கருதுவதில்லை. அவை தமக்கெனப் பெயரும் இடமும் பெற்றுவிட்டன. இதுவே வெற்றி பெற்ற மாற்றின் இலக்கணம்.

கரோப்பும் இவ்வாறே நம் இல்லங்களில் இடம்பெறக்கூடும். அயற்பயிர்களைச் சோதித்துப் பார்ப்பது சைதாப்பேட்டை மண்ணுக்குப் புதிதன்று. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சைதாப்பேட்டையில் சோதனைப் பண்ணையோடு நடந்த வேளாண்மைப் பள்ளியே ஆகும்; 1906இல் அது கோயம்புத்தூருக்குப் பெயர்ந்தது. வெளியிலிருந்து வருவதைச் சோதித்து, தக்கதை ஏற்று, தகாததை விடுவதே அறிவுடைமை.

அச்சோதனையில் ஒன்றை மறத்தலாகாது. கரோப் தூள் கடல் கடந்து வருவது. கேழ்வரகின் விலையைவிடப் பன்மடங்கு விலையுடையது. கரோப் கட்டிகளாக விற்பவற்றில், கொக்கோ வெண்ணெய்க்கு ஈடாகப் பனை எண்ணெய் வகைகளையும் சர்க்கரையையும் பெரும்பாலும் சேர்க்கின்றனர். ஆதலின் தூய தூளே கொள்ளத்தக்கது. சுண்ணாம்புச்சத்துக்காகவே அதனை நாடுவோர், சைதாப்பேட்டைக் கடைத்தெருவில் கிடைக்கும் கேழ்வரகிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ அதே அளவு சுண்ணாம்புச்சத்து உள்ளது என்பதை அறிதல் வேண்டும். கேழ்வரகை வறுத்துப் பொடித்து, பாலில் கொதிக்க வைத்து, கருப்பட்டி கூட்டிப் பொடித்த ஏலம் தூவினால் நிறத்தாலும் மணத்தாலும் குழந்தைகளைக் கவரும் பானம் கிடைக்கும். அது எதனைப் போலவும் இருக்க முயல்வதில்லை. ஆதலின் எதனையும் நினைவூட்டுவதுமில்லை.

செய்யத் தக்கவை

முதலாவதாக, குழந்தைகளிடம் உண்மை கூறுக. கரோப்பைச் சாக்லெட் என்று சொல்லிக் கொடுப்பது, ஓர் அணுவிரதத்தைக் காக்க மற்றோர் அணுவிரதத்தை முறிப்பதாகும். பள்ளியில் உடன் பயில்வோர் பிறந்தநாளுக்குச் சாக்லெட் கொடுக்கும்போது குழந்தை உண்மையை அறியும். பொய்யுரைத்த பெற்றோரின் விரதத்தையும் அது நம்பாது போகும். "இது கரோப், ஒரு மரத்தின் காய். நம் வீட்டில் இதனைக் குடிக்கிறோம்" என்று சொன்னால் போதுமானது. ஏன் என்று குழந்தை வினவினால், தன் வயதுடைய சிறுவன் ஒருவன் பள்ளிக்குச் செல்லாமல் கொக்கோத் தோட்டத்தில் சுமை தூக்குவதைச் சொல்லலாம். கருணையைக் குழந்தைகள் நம்மினும் விரைவில் உணர்வர்.

இரண்டாவதாக, தொடக்கத்தில் இதனை நியமமாகக் கொள்க. தசலட்சண நாள்கள் பத்தும் சாக்லெட்டை விடுவதென உறுதி பூண்டு, அந்நாள்களில் கரோப்போ கேழ்வரகோ கொண்டு பானம் செய்யலாம். ஒரு தேக்கரண்டித் தூளைச் சிறிது வெந்நீரில் கட்டியின்றிக் குழைத்து, பின் காய்ச்சிய பாலில் கலத்தல் வேண்டும். கரோப் தானே இனிப்பாதலால் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளலாம். பத்து நாள் முடிவில் நா எதனை நாடுகிறது என்பதை அவரவரே சோதித்து அறியலாம். ஏக்கம் குறைந்திருப்பின் மாற்று உதவியது. ஏக்கம் மிகுந்திருப்பின், மாற்றையும் விட்டுச் சில காலம் வெறும் பாலே அருந்துதல் நலம்.

மூன்றாவதாக, விட்டோம் என்னும் செருக்கை விடுக. அரிய தூளை வாங்க வல்ல இல்லத்தார், வாங்க இயலாதாரையும் சாக்லெட் உண்பாரையும் தாழ்வாக நோக்கின், நாவில் வென்ற கஷாயம் மானத்தின் வடிவில் மீண்டும் புகுந்துவிடும். இலேசியைகளை விளக்கும் உவமையில் அறுவரும் ஒரே நாவல் மரத்தின் கனியையே நாடினர். வேரோடு வெட்ட எண்ணினவனுக்கும், உதிர்ந்த கனியே போதும் என்றவனுக்கும் வேறுபாடு கனியில் இல்லை; எண்ணத்தில் இருந்தது. உதிர்ந்ததைப் பொறுக்கியவன் ஏனைய ஐவரையும் இகழ்ந்தான் என்று அவ்வுவமை கூறவில்லை.

சிராவக சிராவகியரே! கொக்கோவும் கரோப்பும் கேழ்வரகும் மண்ணில் விளைந்தவையே. தீங்கு குறைந்த பொருளைத் தேடுவது அறத்தின் முதற்படி. அப்பொருளையும் அளவோடும் ஏக்கமின்றியும் கொள்வது அடுத்த படி. முதற்படியில் கால் வைத்தோரை மாக்கோழி வெட்டினார் என்று தள்ளாமலும், அங்கேயே நின்றுவிட்டோரை முழு விரதியர் என்று போற்றாமலும், ஒருவரையொருவர் கைபிடித்து மேலே அழைத்துச் செல்வதே சங்கத்தின் கடமையாகும்.

அறவாழி வெல்க! எவ்வுயிரும் இன்புற்று வாழ்க!